மேனேஜர் சாப்பிட மறுக்கிறார்

ஜூன் 3

என் மருமகளுக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டு இருப்பாய் என்ற நினைப்பில் எழுதுகிறேன். மேலே மருமகள் என்று எழுதியிருப்பதை வக்கீல் பார்த்தால் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவார். பழக்கத்தில் கை எழுதிவிட்டது. அடித்துத் திருத்தினால் தாள் அசிங்கமாகிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

போன் செய்ய வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டுப் போனது நினைவிருக்கிறது. கடிதம் எழுத வேண்டாம் என்று சொன்னதாக நினைவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். வீட்டு முகவரி தெரியாததால் உன் ஆஸ்பத்திரி பெயரைப் போட்டு, எக்ஸ்ரே பிரிவு என்று எழுதி அனுப்புகிறேன். உன்னோடு வேலை பார்ப்பவர்கள் யாராவது பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும், இதில் ரகசியம் ஒன்றுமில்லை. சமாதானம் பேசவும் எழுதவில்லை. விஷயம் மேனேஜரைப் பற்றியது.

உன் பூனை சரியாகச் சாப்பிட்டு மூன்று வாரம் ஆகிறது. காலையில் எழுந்ததும் ஒவ்வொரு அறையாகப் போய் மேற்பார்வை பார்ப்பாரே, அதைப் பார்த்துத்தானே நீ அந்தப் பெயரையே வைத்தாய், அந்தச் சுற்று இப்போது நின்றுவிட்டது. சோபாவுக்கு அடியிலேயே கிடக்கிறார். கிண்ணத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டால் மட்டும் ஓடி வருகிறார். குனிந்து முகர்ந்து பார்க்கிறார். ஒரு வாய் வைக்கிறார். உடனே கிண்ணத்தைப் பார்த்துச் சீறிவிட்டு, பின்னங்கால் பிடரியில் பட ஓடுகிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வருகிறார், மறுபடி அதே கூத்து.

முதலில் நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். கேட்டால் சிரிப்பாய். நீ வாங்கி வைத்த நீலக் கிண்ணம் என் கையில் உடைந்துபோனது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயும் குடுவையும் கழுவியவள் நான். அந்தக் காலத்தில் உடைத்ததை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஓய்வு பெற்றபின் ஒரு பூனைக் கிண்ணத்தை உடைத்தேன். அது இல்லாத கோபத்தில்தான் வீம்பு பிடிக்கிறார் என்று முடிவு கட்டி, அதே நீலத்தைத் தேடி நான்கு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடையில் கிடைத்தது. கொண்டு வந்து வைத்தால் அதைப் பார்த்தும் சீறினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "உனக்கு மட்டுந்தான் வீம்பு இருக்கா, எனக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் போய் சாயங்காலம் ஆனது. நான்தான் தோற்றேன்.

கடைத்தெரு முனையில் ஒரு மிருக டாக்டர் இருக்கிறார். அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வயதைக் கேட்டார். "பத்து வயசாயிடுச்சுன்னா ருசி பார்க்கத்தான் செய்யும்மா, சாப்பாட்டை மாத்திப் பாருங்க" என்றார். மாற்றினேன். வேகவைத்த மீன், கோழி, டப்பாவில் அடைத்தது, பொட்டலத்தில் வருவது எல்லாம் வாங்கி வைத்தேன். எல்லாவற்றையும் பார்த்துச் சீறினார். அப்புறம் பெரிய ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் பூனையைப் பார்த்ததைவிடக் கம்ப்யூட்டரைப் பார்த்ததுதான் அதிகம். ஓர் ஊசி போட்டார். மேனேஜர் நான்கு நாள் சாப்பிட்டார், ஐந்தாம் நாள் பழைய கதை.

வீட்டுத் தராசில் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினேன், பிறகு நான் மட்டும் ஏறிக் கழித்துப் பார்த்தேன். ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறார். கையில் எடுத்தால் ரோமம்தான் இருக்கிறது, ஆளைக் காணோம். இப்படியே போனால் ரொம்ப நாள் தாங்கமாட்டார் என்று எனக்கே தெரிகிறது.

"ரெண்டு மாசம் பார்த்துக்கங்க அத்தை, இடம் கிடைச்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லித்தான் விட்டுவிட்டுப் போனாய். இப்போது ஏழு மாதம். குறையாகச் சொல்லவில்லை. ஏழு வருடம் ஆனாலும் இருக்கட்டும். ஆனால் நீ வந்து கேட்கும் நாளில் நான் வெறுங்கையோடு நிற்க முடியாது.

மேனேஜரைச் சின்ன வயதில் எந்த டாக்டரிடம் காட்டினாய் என்று எழுது. தடுப்பூசிப் புத்தகம் உன் மேசை இழுப்பறையில் இருக்கும் என்று நினைக்கிறேன். திறந்து எடுக்கலாமா? நீ போன பிறகு அந்த இழுப்பறையை யாரும் திறக்கவில்லை.

இப்படிக்கு,
மேனேஜரிடம் வேலை பார்ப்பவள்


ஜூன் 16

மேனேஜரின் சொந்தக்காரிக்கு,

உன் பதில் வந்தது. மூன்றே வரி. "இழுப்பறையைத் திறந்துகொள்ளுங்கள். டாக்டர்கள் வாயைத் திறந்து பார்த்தார்களா? பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கும் இடமாகப் பாருங்கள்." மேலே விளிப்பும் இல்லை, கீழே கையெழுத்தும் இல்லை. மாத்திரைச் சீட்டில்கூட இதைவிட நாலு எழுத்து அதிகம் இருக்கும். ஆனாலும் படித்ததும் எனக்குச் சுரீர் என்றது. இரண்டு பேருமே வாயைத் திறந்து பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

உடனே ஒரு தாளை எடுத்து மூன்று கேள்வி எழுதிக்கொண்டேன். பூனையின் வாயைத் திறந்து பார்ப்பீர்களா, பல்லுக்கென்று எக்ஸ்ரே இருக்கிறதா, மயக்கம் கொடுத்தால் தெளியும்வரை பக்கத்தில் யார் இருப்பார்கள். ஊரில் இருக்கும் பூனை டாக்டர்களுக்கெல்லாம் வரிசையாகப் போன் போட்டேன். ஒருவர் நேரில் வாங்க பேசிக்கலாம் என்றார். ஒருவர் என்னை இன்ஸ்பெக்‌ஷன் அதிகாரி என்று நினைத்துக்கொண்டு பயந்துவிட்டார். ஏழாவது போனில் ஓர் அம்மாள், "வாயைத் திறக்காம பூனைக்கு வேற எதைத்தாங்க பார்க்கறது?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் குரலிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மீதி இரண்டு கேள்விக்கும் சளைக்காமல் பதில் சொன்னார்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கு மேல் மாடி. பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் பூனைகள் காத்திருக்கத் தனி அறை வைத்திருக்கிறார்கள். கூண்டைத் தரையில் வைக்க விடவில்லை. உயரமான தட்டில் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடச் சொன்னார்கள். நாய் குரைக்கும் சத்தம் கேட்காத பக்கமாக அந்த அறையை வைத்திருந்ததைக் கவனித்தேன். டாக்டர் ஒரு பெண், நாற்பதைத் தாண்டியிருப்பார், நரைத்த தலையை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார். வந்ததும் கையைக் கழுவினார். முழங்கைவரை, விரலிடுக்கெல்லாம் விட்டுக் கழுவினார். அந்த விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

கதவைச் சாத்திவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கூண்டைத் திறந்து வைத்துவிட்டு, மேனேஜரைப் பார்க்காமல் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். ஒரு பக்கமாக மெல்லுகிறாரா, சாப்பிடும்போது கீழே சிந்துகிறதா, முகத்தைக் காலால் தேய்க்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அத்தனையும் என் கண்ணெதிரில்தான் நடந்திருக்கிறது. கடைசியில், "கிண்ணத்தைப் பார்த்துச் சீறுறார் டாக்டர், வெறும் வீம்பு" என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வீம்பு இல்லம்மா. பசிக்குது, அதனால ஓடி வருது. வலிக்குது, அதனால ஓடிப் போகுது. வலி தன் வாய்க்குள்ள இருக்குன்னு அதுக்குத் தெரியாது. கிண்ணம்தான் தன்னைக் கடிக்குதுன்னு நினைச்சுக்குது."

அதற்குள் மேனேஜர் கூண்டிலிருந்து வெளியே வந்து டாக்டருடைய செருப்பை முகர்ந்துகொண்டிருந்தார். டாக்டர் பிடிக்காமல், அமுக்காமல், கன்னத்தைத் தடவுவதுபோலத் தடவி உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு முழுக்கச் செக்கச்செவேலென்று இருந்தது. உள்ளே, தாடை சேரும் இடத்தில் தோல் உரிந்த புண். என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "மாசக்கணக்கா இருக்கும். வருஷமாக்கூட இருக்கலாம். பூனை சொல்லாதும்மா" என்றார். வாயில்லா ஜீவன் என்று சொல்கிறோம். இவருக்கு வாய்தான் நோயே.

மருந்து கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்பி வரும் என்கிறார். அந்த ஊசிக்கு நான்கு நாள் சாப்பிட்டது அதனால்தான். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. இனி மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்து, கெட்டுப்போன பல்லையெல்லாம் எடுக்க வேண்டும். பின்பல் முழுவதும் போகலாம். பல் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவார் என்று கேட்டதற்கு, "வலி இல்லாம சாப்பிடும்" என்றார். பத்து வயது, இளைத்த உடம்பு, மயக்கத்தில் ஆபத்தே கிடையாது என்று பொய் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

தடுப்பூசிப் புத்தகத்தில் உன் பெயர்தான் இருக்கிறது. அதனால் சம்மதப் படிவத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டுமாம். இத்துடன் வைத்திருக்கிறேன். உன் விவரம், என் விவரம் எல்லாம் நிரப்பிவிட்டேன். "அழைத்து வருபவருக்கு உரிமையாளரோடு உள்ள உறவு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை மட்டும் விட்டுவிட்டேன். ஆய்வகத்தில் புட்டியில் என்ன இருக்கிறதென்று தெரியாவிட்டால் லேபிள் ஒட்டக்கூடாது, எனக்கு அதுதான் பழக்கம். நீயே எழுது. ஒன்றுமில்லை என்று கோடு போட்டாலும் டாக்டர் பல்லை எடுப்பார், அதற்காக யோசிக்காதே.

பல் எடுக்கும்வரைக்கும் வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் ஒரு நாளைக்கு ஒரு முறை. முப்பத்தொரு வருடம் சொட்டுச் சொட்டாக அளந்த கை, சிந்தாமல் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பூனையைப் பார்த்துக்கொள்பவள்


ஜூன் 27, பூனை ஆஸ்பத்திரி மாடியில் இருந்து

கண்ணு,

மேனேஜர் உள்ளே இருக்கிறார். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஒரு மணி நேரம் ஆகிறது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மருந்து நிறுவனம் இலவசமாகக் கொடுத்த ஒரு நோட்டு இங்கே இருந்தது, அதில் கிழித்து எழுதுகிறேன். தாளின் மூலையில் நாய் படம் போட்டிருப்பதற்கு நான் பொறுப்பில்லை.

நீ அனுப்பிய உறையை வீட்டில் பிரிக்கவில்லை. பிரிக்கப் பயமாக இருந்தது. மூடினபடியே கொண்டுவந்து பதிவு மேசையில் இருக்கும், அன்று போனில் பேசிய அம்மாளிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்து முத்திரை குத்தினார். அந்தக் கட்டத்துக்கு வந்ததும், "அத்தைன்னு போட்டிருக்கே, நீங்க அவங்க அப்பா கூடப் பிறந்தவங்களா?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. அவரும் ரத்த உறவு என்று பக்கத்தில் எழுதிக்கொண்டார். ஒரு பெண்ணுக்கு அந்த அத்தையாக இருந்தால் எந்த வக்கீலும் எந்தக் கையெழுத்தும் ஒன்றும் செய்ய முடியாது. நீ மாமியார் என்று எழுதியிருக்கலாம், முன்னாள் என்று முன்னால் சேர்த்திருக்கலாம். அத்தை என்று எழுதினாய். ஒருவேளை உன் கையும் பழக்கத்தில்தான் எழுதியிருக்கும். அதை நான் கேட்கப் போவதில்லை.

காரில் கொண்டுவந்து விட்டது என் மகன்தான். உன் கணவன் என்று எழுதுவதா, வேறு எப்படி எழுதுவது என்று தெரியாமல் அவனைப் பற்றி எழுதாமலே இருந்தேன். என் மகன் என்பது மாறாது, அப்படியே எழுதுகிறேன். ஒரு பூனைக்கு இத்தனை அலட்டலா என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், இன்று காலையில் தானே கூண்டைத் தூக்கி வண்டியில் வைத்தான். மேலே வரவில்லை. கீழே சைக்கிள் கடை வாசலில் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிகிறது.

இங்கே சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த டாக்டர் சொன்னதுதான் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. பசிக்குது அதனால வருது, வலிக்குது அதனால போகுது. உன்னிடம் இதை எழுதாமல் எழுந்தால் நான் மனுஷியே இல்லை.

உன்னைப் பற்றி நான் பக்கத்து வீட்டில் சொன்ன வார்த்தையும் அதுதான். வீம்புக்காரி. மேசையில் எல்லோரோடும் வந்து உட்காருவாய். இரண்டு வாய் சாப்பிடுவாய். "போதும் அத்தை" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவாய். சமைத்தவள் நான், எனக்குச் சுருக்கென்று இருக்கும். என் கை ருசி பிடிக்கவில்லை, தனக்கென்று தனியாக வேண்டும் என்ற வீம்பு என்று நினைத்தேன். உனக்காக விதவிதமாகச் செய்து பார்த்தேன், நினைவிருக்கிறதா? கிண்ணத்தை மாற்றின மாதிரிதான் அதுவும்.

நீ எழுந்து போவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் மகன் ஏதாவது ஒன்று சொல்லியிருப்பான். கத்தமாட்டான், திட்டமாட்டான். சிரித்துக்கொண்டே சொல்லுவான். "இருட்டு ரூம்ல எலும்பைப் பார்த்துட்டு வர்றதுக்கு இவ்ளோ அலுப்பு" என்பான். நீ புதிதாக உடுத்தினால் ஒன்று, போனில் உன் அம்மாவிடம் பேசினால் ஒன்று. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாத சின்னச் சின்ன வார்த்தை. நீ சிரித்தமாதிரி இருப்பாய். நானும் சிரிப்பேன்.

நான் சிரித்தேன் என்பதைத்தான் இங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் வார்த்தைக்குக்கூட நீ எழுந்து போயிருக்கமாட்டாயோ என்னவோ. என் சிரிப்பைக் கேட்டுத்தான் போனாயோ?

மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாய். நான் தட்டைப் பார்த்தேன், மீதி வைத்ததைப் பார்த்தேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து பார்க்காத டாக்டர்களை ஊரெல்லாம் திட்டிக்கொண்டு திரிந்தேனே, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. என்னை மன்னித்துவிடு. என் மகனுக்காகக் கேட்கவில்லை. அவன் வாய் அவனிடம் இருக்கிறது, கேட்க வேண்டியதை அவன் கேட்கட்டும். நான் சிரித்ததற்காக நான் கேட்கிறேன்.

இப்போது என் மகன் படியேறி வந்தான். தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் கையெழுத்துப் போட்டாளா என்று கேட்டான். போட்டாள் என்றேன். "எனக்கு ஏதாவது எழுதியிருக்காளா?" என்று கேட்டான். "எனக்குத்தான் எழுதியிருக்கா, ஒரே ஒரு வார்த்தை" என்றேன். இனிமேல் என் மேசையில் உட்கார்ந்து யாரையும் கேலி பேசக் கூடாது, பேசினால் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றும் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

உள்ளே கதவு திறக்கிறது. டாக்டர் வருகிறார்


ஜூலை 19

அன்புள்ள கண்ணுக்கு,

போன கடிதம் பாதியில் நின்றதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அன்றே உன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "பூனை பிழைத்துவிட்டது என்று எக்ஸ்ரே பிரிவில் சொல்லுங்கள்" என்று சொல்லி வைத்தேன். உன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை, அதனால் நீ போட்ட தடையை மீறியதாக ஆகாது. எடுத்த அம்மாள் இரண்டு முறை "எந்தப் பூனைங்க?" என்று கேட்டார்.

மேனேஜருக்குப் பின்பல் அத்தனையும் போய்விட்டது. முன்னால் இருக்கும் பொடிப் பற்களையும் நான்கு கோரைப்பற்களையும் மட்டும் டாக்டர் விட்டுவைத்திருக்கிறார். இடது பக்கம் மேலே ஒரு பல் எப்போதோ உடைந்து, வேர் மட்டும் ஈறுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது, எக்ஸ்ரே எடுத்ததால்தான் பிடித்தார்கள். நீ அந்த ஒரு வரியை எழுதாமல் இருந்திருந்தால் அது உள்ளேயே இருந்திருக்கும். படத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு அது மேகம் மாதிரி இருக்கிறது. உனக்குத்தான் படிக்கத் தெரியும்.

முதல் வாரம் மருந்தும் சாப்பாடும் என் கையால்தான். கோழியைக் கூழாக அரைத்து சிரிஞ்சில் கொடுத்தேன். காலை மருந்துக்கு ஒரு லேபிள், மாலை மருந்துக்கு ஒரு லேபிள் என்று ஃப்ரிட்ஜைப் பழைய ஆய்வகம் ஆக்கிவிட்டேன். என் மகன் அவசரத்தில் கோழிக் கூழை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். லேபிள் படிக்காதவனுக்கு வேண்டியதுதான்.

புண் ஆறிய பிறகும் மேனேஜர் கிண்ணத்துக்கு அருகில் வரவில்லை. டாக்டரிடம் அழாக்குறையாகப் போய் நின்றேன். "வலி போயிடுச்சும்மா, பயம் போகலை. அது மெதுவாத்தான் போகும்" என்றார். கிண்ணத்தை மாற்றச் சொன்னார், தட்டையாக, வேறு நிறத்தில். ஐந்து கடை அலைந்து வாங்கிய நீலக் கிண்ணத்தில் இப்போது பட்டன் போட்டு வைத்திருக்கிறேன். இன்னொன்றும் சொன்னார். "சாப்பாட்டை வச்சுட்டுத் தள்ளிப் போயிடுங்க. பக்கத்துல நின்னு எவ்ளோ சாப்பிடுதுன்னு பார்க்காதீங்க." எனக்கு அதுதான் கஷ்டமான வைத்தியம். முதல் நாள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். மேனேஜர் நேராக என் கண்ணைப் பார்த்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

அப்புறம் உண்மையாகவே தள்ளிப் போக ஆரம்பித்தேன். வெள்ளைத் தட்டை வைத்துவிட்டு பால்கனிக்குப் போய், மடித்த துணியையே உதறி மறுபடி மடித்துக்கொண்டு நிற்பேன். ஆறாவது நாள் உள்ளேயிருந்து சளக் சளக் என்று நக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. கையில் இருந்த தலையணை உறையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். போய்ப் பார்த்தபோது தட்டு கழுவி வைத்தமாதிரி இருந்தது.

இப்போது எடை ஏறிக்கொண்டு வருகிறது. காலை மேற்பார்வையும் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு அறையாகப் போகிறார், உன் அறை வாசலில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறார். மீதி இருக்கும் பற்களைத் தினமும் மெல்லிய துணியைச் சுற்றிய விரலால் துடைத்துவிட வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, பூனைக்குப் பல் விளக்குகிறவளை இந்த வயதில்தான் பார்க்கிறேன் என்கிறாள். எப்படிச் செய்வது என்று தனித் தாளில் எழுதியிருக்கிறேன். வலது பக்கம் முதலில் துடைத்தால் கோபிக்கமாட்டார்.

உன் கடிதம் திங்கள்கிழமை வந்தது. இந்த முறை ஐந்து வரி, முன்னேற்றம்தான். என் கடிதத்தை இரண்டு தடவை படித்தாய் என்று எழுதியிருந்தாய். வீடு கிடைத்துவிட்டது, ஜன்னலோரம் காலை வெயில் வரும், பூனை வைத்துக்கொள்ளலாம், மேனேஜர் எப்போது பயணம் செய்யலாம் என்று கேட்டிருந்தாய். நான் கேட்ட மன்னிப்புக்கு அதில் பதில் இல்லை. இல்லாவிட்டால் பரவாயில்லை. பயம் மெதுவாகத்தான் போகும் என்று எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

டாக்டரிடம் கேட்டுவிட்டேன். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குப் பிறகு தாராளமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். அவரைக் கொடுத்துவிட்டால் இந்த வீட்டில் காலையில் எழுந்து யாருக்குப் பயந்து வேலை செய்வேன் என்று தெரியவில்லை. அதை நீ யோசிக்காதே. அவர் உன்னுடையவர். வெயில் வரும் ஜன்னல் அவருக்குப் பிடிக்கும். கூண்டையும் துண்டையும் எடுத்து வைத்துவிட்டேன். எப்போதாவது ஒரு வரி, எடை எவ்வளவு என்று மட்டுமாவது எழுதிப் போட்டால் போதும்.

ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன், முடியாதென்றால் முடியாது என்று எழுதிவிடு. ரயிலடியில் வந்து கூண்டைக் கொடுங்கள் என்று சொல்லிவிடாதே. வீட்டுக்கு வா. பன்னிரண்டாம் தேதியிலிருந்து ஒரு வாரம் என் மகன் வேலையாக வெளியூர் போகிறான், நான் மட்டும்தான் இருப்பேன். உன் இடத்தில் உன் தட்டை வைத்திருப்பேன். பசித்தால் சாப்பிடு. வைத்துவிட்டு நான் பால்கனிக்குப் போய்த் துணி மடித்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு மீதி வைத்தாய் என்று பார்க்கமாட்டேன்.

உன் அத்தை